செண்டுப்பூவின் விரதம்

அந்த வருஷம் அலமேலுவின் தோட்டத்தில் பூத்த செண்டுப்பூவைப் பார்த்து, எதிரே வண்டி விளக்குதான் வருகிறது என்று பஸ் டிரைவர் பிரேக் போட்டுவிட்டான் என ரிவியேர் தே ஸாங்கீ ஊரில் பேச்சு. ஒவ்வொரு பூவும் சோற்றுத் தட்டு அளவு. பக்கத்தில் காய்த்த கத்தரிக்காயைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பக்கத்துச் சுயாக் கடற்கரை மீனவன் ரோபெர் சைக்கிளில் கொண்டுவரும் மீன் தலையையும் குடலையும் சருகோடு குழியில் மூடி, மக்கியதும் பாத்தியில் கலப்பாள். காவடி விரத நாளிலும் விடமாட்டாள். மீனைத் தொடுவது மண்வெட்டிதானே, அவள் இல்லையே.

காவடிக்குப் பூக் கொடுப்பது எப்போதும் ஊரின் இன்னொரு தோட்டக்காரர் கோபாலன்தான். அந்த வருஷம்தான் போர் முடிந்து ரசாயன உர உப்பு மறுபடி கப்பலில் வந்ததும், மனிதர் ஆசை தாங்காமல் மூட்டை மூட்டையாகக் கொட்டினார். செடி கூரைக்கு மேலே போனது. பூ மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறையாவது தன் பூ காவடி ஏறும் என்று அலமேலுவுக்குத் தூக்கமே போயிற்று.

கோபாலன் விடுவாரா? கோவில் கூட்டத்தில் எழுந்தார்.

"ஊரே மச்சம் தொடாம விரதம் இருக்கோம். அலமேலு வீட்டுப் பூ தினம் மீன் சாப்பிடுது. அதை எப்படிக் காவடியில கட்டுறது?"

தலைவர் வீரசாமி நெற்றி விபூதி உதிரும்வரை தேய்த்து யோசித்தார்.

"உன் பூ மீன் தின்னுதா, அலமேலு?"

"தின்னுது, மாமா."

"ஐயோ, அவளே ஒத்துக்கிட்டா," என்றார் கோபாலன்.

பூ கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் அலமேலுவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதே பாத்தியிலதான் கத்தரிக்காயும் காய்க்குது, மாமா. நேத்து நீங்க ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதா அத்தை சொன்னாங்க. கோபாலன் அண்ணே, அண்ணி வாங்கிட்டுப் போன ஜிரோமோன் பூசணி, மீன் குழி மேலேயே படுத்துக் கிடந்தது."

பூசணிக்காய் உள்ளே நீந்துவதுபோல் கோபாலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அலமேலுவிடம் காய் வாங்காத வீடு ஊரில் கிடையாது. பூ அசைவம் என்றால், ஊர் விரதம் முழுக்க மீன்குழம்பில் விழுந்த கணக்கு.

வீரசாமி தொண்டையைச் செருமினார்.

"மீனைத் தின்னது மண்ணு. மண்ணு என்ன விரதமா எடுத்திருக்கு? பூ தின்னது மண்ணைத்தான். என்ன கோபாலா?"

"மண்ணுதான், தலைவரே. சுத்தமான மண்ணு." வாழ்நாளில் கோபாலன் இத்தனை சீக்கிரம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

காவடியன்று விடியலில் பூப் பறிக்கக் கமிட்டியே தோட்டத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, கூடை சொட்டச் சொட்ட ரோபெர் வந்து இறங்கினான்.

"போன்ஜூர், மதாம் அலமேலு. இன்னைக்குத் தலை எல்லாம் நல்ல பெரிசு."

வீரசாமி சட்டென்று வானத்தைப் பார்த்தார். கமிட்டி முழுக்க வானத்தைப் பார்த்தது.

"மழை வருமா, தலைவரே?" என்றார் கோபாலன்.

"வரும் போலத்தான் இருக்கு."

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அலமேலு கண்ணாலேயே ரோபெருக்குக் குழியைக் காட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய பூவாகப் பறித்துக் கோபாலன் கூடையில் போட்டாள்.