நடக்கிற வேகம்

ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகருக்கு வாய்க்காலில் 'செக்கர்' என்று பெயர். ரயிலை விட்டு இறங்கிப் படகு வாங்கிய பிறகும் மனிதருக்கு அந்தப் புத்தி போகவில்லை. கரையோரம் கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது நடக்கிற வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது படகுக்காரர்களின் மரியாதை. யாராவது கொஞ்சம் முடுக்கினால் போதும், செக்கர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "என்ன தம்பி, தீயணைக்கப் போறியா?" என்பார். கயிற்றைத் தப்பாகக் கட்டியிருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டுவார். அவர் சொல்வதில் தப்பே இருக்காது, அதைத்தான் மற்றவர்களால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க. சொல்ற விதம்தான் ஆளைக் கடிக்குது" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள்.

அன்று மதியம் அவர்கள் லாக்குக்கு வந்தபோது, ஒரு வாடகைப் படகு தடுமாறிக்கொண்டு நின்றது. வாய்க்காலின் நீர்மட்டம் மாறுகிற இடத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, மேல் ஷட்டரைத் திறந்து தண்ணீர் விட்டு, படகை மேலே உயர்த்துகிற தொட்டிக்குத்தான் லாக் என்று பெயர். அதற்குக் காவலாள் கிடையாது. படகுக்காரர்களே ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் இரும்புக் கைப்பிடியை மாட்டி ஷட்டரைத் திருகிக்கொள்ள வேண்டும். அந்த லாக்கின் கீழ்க்கதவு ரொம்பப் பழசு, எந்நேரமும் ஒழுகும். அதனால் மேலே ஏறியதும் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறந்தால், மேலே இருக்கும் வாய்க்கால் பொழுது விடிவதற்குள் வடிந்துவிடும்.

வாடகைப் படகில் இருந்தவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள். தண்ணீரை வீணாக்காமல் இரண்டு படகுகளும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தன. புருஷன்காரன் கைப்பிடியோடு கரையில் ஏறி ஷட்டரைத் திருக ஆரம்பித்தான்.

"நிறுத்து, நிறுத்து! இப்படித் திறந்தா உன் பெண்டாட்டி படகோட சுவர்ல போய் மோதுவா. தள்ளு, நான் காட்டறேன்" என்றார் செக்கர். அவனுடைய கைப்பிடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். பிடி வழுக்காமல் இருக்க அவர் மனைவி நீலக் கம்பளிநூல் சுற்றிக் கொடுத்த கைப்பிடி அது. ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு பாடம் நடத்தினார். அந்தப் பையன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

படகுகள் மேலே வந்தன. செக்கரின் மனைவி தங்கள் படகைப் பாங்காக வெளியே ஓட்டிப் போனாள். பின்னால் வந்த புதுப்பெண் சுக்கானை மாற்றித் தள்ளி, படகை ஓரத்துச் சுவரில் இடித்துவிட்டாள். செக்கருக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம்! கண்ணை எங்க வச்சிருக்க?" என்று கத்திக்கொண்டே கரையோரம் ஓடினார். அவள் முகம் சிவந்துபோயிற்று. பையன் அவசர அவசரமாக மேல்கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு அவளிடம் ஓடினான்.

சாயங்காலம் மேல் வாய்க்காலில் நாலைந்து படகுகளோடு இந்த இரண்டு படகுகளையும் கட்டினார்கள். படகிலேயே குடியிருந்து துணி தைத்துப் பிழைக்கும் தையல்காரம்மா டீ கொடுத்தார். செக்கர் அந்தப் பெண் படகை இடித்த கதையை நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் இருந்த புதுப்பெண்ணும் சிரித்து வைத்தாள்.

விடிந்ததும் செக்கர் கண் விழித்தபோது கட்டில் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. படகுகளெல்லாம் குடித்துவிட்டு விழுந்தவர்களைப் போலச் சாய்ந்து கிடந்தன. யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஷட்டர்தான் என்று அவருக்கு உடனே புரிந்தது. அந்தப் பயலைத் திட்டிக்கொண்டே லாக்கை நோக்கி நடந்தார்.

ஷட்டர் திறந்து கிடந்தது. அதன் மேலேயே நீலநூல் சுற்றிய கைப்பிடி மாட்டியிருந்தது.

செக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஷட்டரை இறக்கினார், கைப்பிடியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். இரும்பு வயிற்றில் சில்லென்று உறைத்தது.

திரும்பி வந்தபோது கரையில் கூட்டம் கூடியிருந்தது. தையல்காரம்மாவின் மெஷின் மேசையிலிருந்து சரிந்து விழுந்து, சக்கரம் உடைந்து, ஊசித்தலை வளைந்து கிடந்தது. அந்த அம்மாள் அழவில்லை. உடைந்த சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா வந்தது வாடகைப் படகுதானே?" என்றார் பக்கத்துப் படகு மெக்கானிக். "படகை வாடகைக்கு விடறவன் மூளையையும் சேர்த்துக் குடுக்கணும்."

பையன் வெளிறிப்போய் நின்றான். நேராகச் செக்கரிடம் வந்தான்.

"சார், நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. ஷட்டரை இறக்கச் சொல்லி என்கிட்ட சொன்னீங்களா? நான் இறக்கலையா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை சார்."

எல்லோரும் செக்கரைப் பார்த்தார்கள். சட்டைக்குள் இருந்த கைப்பிடி கனத்தது. இத்தனை வருஷம் நான்தான் சரி என்று பேசிய வாய்.

"நான் கவனிக்கலைப்பா" என்றார்.

பையன் தையல்காரம்மாவிடம் போய்க் கை கூப்பினான். அவன் மனைவி யாரையும் பார்க்காமல் படகுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

செக்கர் தன் படகுக்குள் நுழைந்தபோது, கைப்பிடி தொங்கவேண்டிய ஆணியைப் பார்த்தபடி அவர் மனைவி நின்றிருந்தாள். பிறகு புடைத்திருந்த அவர் சட்டையைப் பார்த்தாள்.

"பாவம் ஓரிடம், பழி ஓரிடமா?" என்றாள். "டிக்கெட் இல்லாம வந்தவனையெல்லாம் பிடிச்சு நாலு பேர் முன்னாடி இறக்கி விட்டீங்களே. அதுல ஒருத்தனாவது தன் அபராதத்தைப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் தலையில கட்டினானா?"

ஷட்டர் மூடியிருந்ததால் தண்ணீர் மெதுவாக ஏறி, படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. செக்கரால் மட்டும் நிமிர முடியவில்லை.

மதியம் வாடகைப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்களாம். யாரும் கையசைக்கவில்லை. செக்கர் தவித்துப்போய் எழுந்தார். கைப்பிடியை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவின் படகுக்குப் போனார்.

"அந்தப் பையன் இல்லம்மா. நான்தான். இந்தாங்க, ஷட்டர்ல மாட்டியிருந்தது என் கைப்பிடி."

தையல்காரம்மா நீலநூலைப் பார்த்தார். செக்கரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். "முதல்ல அவங்க போறாங்க, போய்ப் பிடிங்க."

செக்கர் ஓடினார். முட்டி வலித்தது, செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது. படகு நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தக் கிழவரால் அதை எட்டிப் பிடிக்க முடிந்தது. கைப்பிடியை ஓங்கிக்கொண்டு ஓடிவருகிறவரைப் பார்த்ததும் பையன் பதறி எஞ்சினை அணைத்தான்.

"சார், வேகமா போயிட்டேனா? மன்னிச்சுக்குங்க சார், கவனிக்கலை."

செக்கருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்லப்பா, நீ சரியாத்தான் போற" என்றார், மூச்சு இரைக்க. "ஷட்டரைத் திறந்து போட்டது நான். கைப்பிடியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். காலையில போய் எடுத்து மறைச்சேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

பையன் சுக்கானைப் பிடித்தபடி நின்றான். கோபப்பட்டிருந்தால் செக்கருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திரை போட்ட ஜன்னலைப் பார்த்தான்.

"அதை அவகிட்ட சொல்றீங்களா சார்? இந்தச் சின்ன வேலைகூட உங்களால முடியாதான்னு காலையிலேர்ந்து அழுதுட்டே இருக்கா. நானும் ஆமான்னு ஒத்துக்கிட்டேன்."

படகைக் கரையோடு அணைத்தான். ஜன்னல் கரை மட்டத்துக்குத் தாழ்வாக இருந்தது, நின்றுகொண்டு பேச முடியாது. செக்கர் ஈரப் புல்லில் மண்டியிட்டு, ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். ரயிலில் டிக்கெட் இல்லாதவர்கள் ஒளிந்திருந்த கழிப்பறைக் கதவுகளை எத்தனையோ தடவை தட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் உள்ளே இருப்பவருக்குத்தான் பயம்.

கண்ணாடியைத் தட்டினார். திரை கொஞ்சம் அசைந்தது.

"அம்மா" என்றார். "உன் வீட்டுக்காரர் மேல தப்பு இல்லை."