முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு டேக்கும்

1.

டேக் ஒட்ட முடியாதது எதுவோ அதுவே இலக்கியம். மனித குலத்துக்கு இந்த வரையறையை முதன்முதலில் வழங்குகிறவன் நான்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதை நிரூபிக்கவே இந்தக் கதை. படித்து முடித்ததும், இதற்கு முன் எழுதப்பட்ட எல்லாவற்றையும் நீங்கள் எடைக்குப் போட்டுவிடலாம்.

கதை பிறந்த விதத்தை மறைக்க விரும்பவில்லை. கல்லூரி இதழுக்கு நான்கு பக்க நையாண்டி தேவைப்பட்டது. கையில் விஷயம் இல்லை. வீட்டில் அக்கா இருந்தாள்.

கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் கணினியில் டேக், அதாவது அடையாளச் சீட்டு, ஒட்டுவது அக்காவின் வேலை. அச்சில் அது தெரியாது. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இந்த எண் என்ன, யாருடையது, எந்த அளவில், எந்தக் காலத்துக்கு என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் சொன்னால்தான் ஒழுங்குமுறை ஆணையத்தின் இயந்திரம் அதை வாசிக்கும். ஓர் அறிக்கையில் சுமார் எண்ணூறு எண்கள். மனிதர் யாரும் படிக்காத ஒன்றை மனிதரல்லாத ஒன்று படிப்பதற்காக, என் அக்கா இருபத்தெட்டு வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

நையாண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

2.

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது."

(பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் எண்களின் கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, வாழ்க்கை அவள் கழுத்தில்

(முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.)

மூன்றாம் தொடக்கம்: செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், இன்னிக்கு காலேஜ் இருக்கா?"

"காலேஜ் இருக்கு. நான்தான் அதுல இல்ல."

"அப்ப கிளம்பி ஆபீஸ் வா. வாசிக்க ஆள் வேணும்."

இதற்கு மேல் நல்ல தொடக்கம் எனக்கு வராது.

3.

அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறிக்கையை அனுப்பும் முன், இயந்திரம் என்ன புரிந்துகொண்டது என்று திரையைப் பார்த்து ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். இன்னொருவர் அச்சிட்ட புத்தகத்தில் பென்சிலால் டிக் போட வேண்டும். வாசிப்பவருக்கு எதிரொலி என்று பெயர். அக்காவின் எதிரொலி அன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு. மற்றவர்கள் எல்லாம் வேறு அறிக்கைகளில் மூழ்கிக் கிடந்தார்கள். புத்தகம் போன வாரமே பங்குதாரர்களுக்குப் போய்விட்டதால், நான் வாசித்து ரகசியம் எதுவும் கசியப்போவதில்லை.

மேலாளருக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். அவர் பேசினால் பேச்சு அத்தோடு முடிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"மூணு மணிக்குள்ள போயிடணும். போன மாசம் நீங்க அனுப்புன அறிக்கை ஒண்ணு திரும்பி வந்துச்சு. இதுவும் வந்தா, உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி நான் எழுத முடியாது."

இரண்டடி போய்த் திரும்பினார்.

"சாப்பிட்டீங்களா."

ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கா சொல்லவில்லை. புத்தகத்தைப் பிரித்து, பென்சிலைச் சீவினாள்.

4.

நான் செய்தி வாசிப்பவர் குரலில் தொடங்கினேன்.

"ஒழுங்கா வாசி."

"ஒழுங்காத்தான் வாசிக்கிறேன். விற்பனை, அதுக்குத் தொடக்க நாள், முடிவு நாள். கையிருப்புக்கு மட்டும் ஏன்க்கா ஒரே நாள்? பாரபட்சமா இருக்கே."

"விற்பனை வருஷம் பூரா நடக்கறது. ரெண்டு நாளும் வேணும். கையில என்ன இருக்குன்னு கேட்டா, அந்த ஒரு நாள் போதும்."

"முடிவு நாள் போடாம விட்டா?"

"சிவப்பு விழும். மெஷின் வாங்காது. அடுத்தது வாசி."

அறுபத்தோராம் பக்கம் வந்தது. பதினொன்றரை மணி. என் குரல் உச்சத்தில் இருந்தது.

"பணியாளர் எண்ணிக்கை. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்."

இங்கே நான் சட்டென்று நிறுத்தினேன். ஏதோ உறுத்தியது. "அக்கா, ஒரு நிமிஷம்," என்றேன்.*

* பொய். இவன் நிறுத்தவே இல்ல. அடுத்த வரிக்குப் போயிட்டான். - அக்கா

(கையெழுத்துப் பிரதியை அவளிடம் காட்டியது தவறு. ஆனால் அவள் சொல்வது சரி. பென்சில் சத்தம் நின்றதுதான் என் காதில் விழுந்தது.)

"என்ன சொன்னே?"

"மூணு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பெரிய கம்பெனிதான் போல."

"பாட்டில் மூடி செய்யற கம்பெனிடா. மொத்தமே முந்நூத்திப் பன்னிரண்டு பேர்."

புத்தகத்தில் தொகைகள் எல்லாம் ஆயிரத்தில் இருந்தன. அந்தப் பக்கம் முழுவதையும் ஆயிரத்தால் பெருக்கும்படி அக்கா குறித்திருந்தாள். அதே பக்கத்தின் ஓரத்தில் ஆட்களும் இருந்தார்கள். அவர்களையும் இயந்திரம் பெருக்கிவிட்டது. சாஃப்ட்வேர் பச்சை டிக் போட்டிருந்தது. மூடி செய்ய மூன்று லட்சம் பேர் கூடாது என்று அதற்கு யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

"இதை யாருக்கா பார்க்கப் போறாங்க?"

"ஓய்வூதியத்துக்கு ஒதுக்கினதை ஆணையத்துல ஆள் கணக்குல வகுத்துப் பார்ப்பாங்க. குறைஞ்சா கேள்வி கேட்பாங்க. கேட்க ஆள் இல்லாதவங்களுக்காகத்தான் அந்தக் கேள்வி. மூணு லட்சத்தால வகுத்தா ஆளுக்கு ஒரு டீக்கு வராது."

திருத்த ஒரு நிமிடம் போதும். அக்கா திருத்தினாள். பிறகு புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"முதல்ல இருந்து வாசி."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு தப்பிச்சிருக்கு. இன்னொண்ணும் தப்பிச்சிருக்கும்."

செய்தி வாசிப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சொந்தக் குரலில், ஒவ்வோர் எண்ணாக, அவள் பென்சில் கீழே இறங்கும்வரை காத்திருந்து வாசித்தேன். தொண்டை கட்டியபோது அவள் தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். புத்தகத்திலிருந்து கண் எடுக்கவில்லை. நான் மூடியைத் திருகும்போது அதைச் செய்தவர்களில் எத்தனை பேருக்கு ஓய்வுபெறும் வயது என்று ஒரு கணம் யோசித்தேன்.*

* அது வேற கம்பெனி மூடி. - அக்கா

இன்னொரு தப்பு இல்லை. இரண்டு நாற்பதுக்கு அறிக்கை போனது.

5.

முற்றுப்புள்ளி சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போட வந்தார்.

"அறுபத்தொண்ணுல திருத்தம் இருக்கு."

"ஆமா சார். என் தப்பு. தம்பி வாசிச்சப்பதான் காதுல விழுந்துச்சு. அவன் இல்லேன்னா போயிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

தாளில் 'வாசித்தவர்' என்ற கட்டத்தில் அக்கா எழுதியிருந்தாள்: எதிரொலி (தற்காலிகம்), தம்பி.

நான் அவளைக் கிண்டல் செய்ய நோட்டோடு வந்தவன். நோட்டில் ஏழு நக்கல் எழுதியிருந்தேன், நான்கு நன்றாகவே இருந்தன. பேருந்து நிறுத்தத்தில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன்.

"டீ குடிக்கலாமாக்கா?" என்றேன்.

"நீ வாங்கித் தர்றியா?"

"இல்ல."

"அதானே பார்த்தேன்."

6.

முடிவுகள்.

(அ) அறிக்கை திரும்பி வருகிறது. அக்கா காலி மேசையை

(ஆ) ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்பதை வாசகரின் ஊகத்துக்கே விட்டு, கதை ஒரு மூடிய கதவின் முன்*

* ஊகம் எதுக்கு? அறிக்கையை வாங்கிட்டாங்க. இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கு. அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. - அக்கா

ஆக, மர்மத்தை அவளே முடித்துவிட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது பேருந்து நிறுத்தத்தில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான். கீழே உள்ள நான்கு வரிகளை அச்சில் தெரியாமல் ஒளித்துவிடும்படி இதழாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டால் அவர் மறந்துவிட்டார் என்று பொருள்.

என்ன: நன்றி.
யாருடையது: எதிரொலி (தற்காலிகம்).
அளவு: ஆயிரத்தில் அல்ல, உள்ளபடி.
காலம்: தொடக்க நாள், அவள் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போன திங்கட்கிழமை. முடிவு நாள்,

(காலியாக விட்டால் சிவப்பு விழும் என்று தெரியும். இரண்டு முறை முதலில் இருந்து வாசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு தேதியும் தோன்றவில்லை. உங்கள் கையில் பென்சில் இருக்கிறதா?)