முயல் கூண்டுக்கு ஒரு பேனர்

"அம்மா, பரண் மேல இருக்கிற பேனரக் குடு."

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் நின்றது. வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் உன் அம்மாவிடம் கேட்காதே என்று அப்பா வெண்மதியிடம் பலமுறை சொல்லியிருந்தார். அவள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் இளவரசு சிதம்பரத்தில் அடித்துவந்து ஊர் பஸ் ஸ்டாப்பில் கட்டிய மஞ்சள் நீராட்டு விழா பேனர் அது. மாமா இப்போது இல்லை. பேனரின் ஓரத்தில் கைகூப்பி நிற்கிறாரே, அவ்வளவு பெரிய படம் அவருக்கு வேறெங்கும் கிடையாது.

"எதுக்கு?"

"முயல் கூண்டுக்கு. அடிப்பலகை ஊறிப்போச்சி."

ஐப்பசி மழை விட்டபாடில்லை. ரோட்டில் தண்ணீர் ஏறி சிதம்பரம் பஸ் நின்றுவிட்டது, தார்ப்பாய் வாங்கப் போக வழியில்லை. கூண்டின் பலகை சாரலையும் மூத்திரத்தையும் குடித்து உப்பி, விரலால் அழுத்தினால் கசிந்தது. சாக்கைப் போட்டால் சாக்கும் நனைந்து இன்னும் குளிர்கிறது. போன ஈத்துக் குட்டிகள் அந்த ஈரச் சாக்கில்தான் கண் திறக்காமலே விறைத்துக் கிடந்தன. அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தது வெண்மதி. காலையிலிருந்து பெட்டை முயல் தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் குட்டி போட்டுவிடும்.

"பி.எஸ்சி. படிச்சவ முயலுக்குப் பிரசவம் பாக்குறா."

"பாப்பேன். நீ குடு."

"ஒன் மாமன் ஆசையா கட்டுனதுடி அது."

"என்னைக் கேட்டா கட்டுனாரு? நான் பெரிய மனுசி ஆனத பஸ்ஸுல போறவன் வர்றவன்லாம் படிச்சிட்டுப் போனான். பள்ளிக்கூடத்துல பசங்க என்னா கேட்டானுங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

இவ்வளவு வருஷம் சொல்லாததைச் சொல்லியாயிற்று. அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பழைய புடவையில் சுற்றிவைத்திருந்த சுருளை இறக்கித் தரையில் விரித்தாள். இரவல் நெற்றிச்சுட்டியும் தலைகொள்ளாப் பூவுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள் பழைய வெண்மதி. அம்மா கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

"மாமாவ வெட்டி நீ வச்சிக்க. மீதி எனக்குப் போதும்," என்றாள் வெண்மதி. அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

கத்தரிக்கோல் ஓரத்துக்குப் போகவில்லை. நடுவே வந்து, நெற்றிச்சுட்டிக்கு மேலே நின்றது.

"மாமா இந்தப் பக்கம்மா."

"தெரியிது. அவன் மொகம் கண்ண மூடுனா வரும் எனக்கு. நான் எடுத்து எடுத்துப் பாக்கறது ஒன்னைய." அம்மா பேனரின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். "இதுக்கப்பறம் நீ இப்பிடிச் சிரிச்சி நான் பாக்கல."

போட்டோக்காரன் முதுகுக்குப் பின்னால் நின்று மாமா கோணங்கி காட்டியதில் வந்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நிறுத்தியதும் இதே பேனர்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருப்பாள். அம்மாவின் கை இன்னும் நீவிக்கொண்டிருந்தது.

"நடுவுல வெட்டுனா தண்ணி பலகைக்கு எறங்கிடும்மா," என்றாள்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்ப முழுசாவே எடுத்துக்க. கடிச்சிக் கொதறிடாதா அது?"

"ஓரத்த மடிச்சி, மேல கட்ட வச்சி ஆணி அடிச்சிட்டா பல்லு படாது."

மூத்திரம் தன் படத்தின் மேலேயே போகட்டும் என்று காலையில் நினைத்திருந்தாள். இப்போது படம் கீழே, வெள்ளை முதுகு மேலே என்று முடிவாகிவிட்டது. அதன்மேல் வைக்கோல். எவ்வளவு ஈரமானாலும் அந்த முதுகோடு நிற்கும். படம் உள்ளே போகும்படி சுருட்டினாள், சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"கொடையாவது புடிச்சிட்டுப் போடி."

துப்பட்டாவைத் தலைக்குப் போடாமல் சுருளின்மேல் போர்த்தி, குழந்தையைப்போல் மாரோடு அணைத்துக்கொண்டு, அவள் மழையில் இறங்கியிருந்தாள்.