ஒரு அமுக்கு, நாலு நம்பர்

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. ஒரு பொத்தான் பண்ணின அட்டகாசத்தைச் சொல்றேன்.

காது டாக்டர் கிளினிக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேருக்குக் கேட்காது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன வரவேற்பு மேசைக்காரி, தன் அண்ணியை நச்சரித்து பொத்தானை அமுக்கினால் அடுத்த நம்பரைக் காட்டும் பெட்டி ஒன்று செய்து வாங்கினாள். அண்ணி ரேடியோ ரிப்பேர்க்காரி. சொந்தமாக சர்க்யூட் போட்டது இதுதான் முதல் தடவை. சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில் வரைந்து, திரைப் பொத்தானை நூறு தடவை அமுக்கினாள். ஒரு அமுக்குக்கு ஒரு எண். அதற்கப்புறம்தான் பற்றவைப்பே.

மாட்டின அன்றைக்கே போன்.

"அண்ணி, உங்க பெட்டி பன்னெண்டுலேர்ந்து பதினாறுக்குத் தாவுது! நடுவுல மூணு பேர் என்னைக் கண்ணாலேயே எரிக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா கழட்டச் சொல்லிட்டார் டாக்டர்."

அண்ணி நம்பவில்லை. "நீ நாலு தடவை அமுக்கியிருப்பே. கம்ப்யூட்டர்ல சரியா வந்துச்சே!"

"அங்க அமுக்கினது நெஜப் பொத்தானா? நீங்களே வந்து அமுக்குங்க."

வந்தாள். மெதுவாக, ஒரே தடவை அமுக்கினாள். பதினாறு பத்தொன்பதானது.

நாத்தனார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. திரைப் பொத்தான் சமர்த்து. நிஜப் பொத்தானுக்குள் இரண்டு தகடுகள் மோதி, கண் சிமிட்டுவதற்குள் துள்ளித் துள்ளி அடங்கும்; ஒவ்வொரு துள்ளலையும் பெட்டி ஒரு அமுக்காக எண்ணிவிடும். அந்தத் துள்ளலை மென்பொருளுக்கு யார் சொன்னது? மடிக்கணினியைத் திறந்து, துள்ளலையும் கோடு கோடாக வரைந்து ஓட்டினாள். திரையிலும் எண் தாவியது!

"அடிப்பாவி, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கணினியைத் திட்டினாள்.

"நீங்க கேட்டீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

துள்ளலை விழுங்க ஒரு ரெசிஸ்டரும் கண்டென்ஸரும் போதும். ஆனால் அந்த மென்பொருளுக்குத் தெரிந்தது சைபரும் ஒன்றும்தான்; கண்டென்ஸரில் மின்சாரம் மெல்ல நிரம்புவதை அதில் பார்க்க வழியில்லை. அதனால் என்ன? ரேடியோக்காரியின் பையில் கண்டென்ஸருக்கா பஞ்சம்? முதலாவது சின்னது, எண் இரண்டிரண்டாய் ஏறியது. அடுத்து பெரியதைப் பற்றவைத்து, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்து அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பிசகவில்லை. பன்னிரண்டில் நிறுத்தினாள்.

"இப்ப நீ அமுக்கு."

பதிமூன்று. பதிமூன்றாம் நம்பர் சீட்டோடு மூலையில் முறைத்துக்கொண்டிருந்த பெரியவர், யாரும் கூப்பிடாமலே எழுந்து உள்ளே போனார். டாக்டர் எட்டிப் பார்த்து, "பெட்டி இருக்கட்டும்மா" என்றார்.

உங்க வீட்டிலும் யாரும் முறை தவறிக் காத்திருக்காமல், எல்லாரும் நல்லபடியா இருங்க, என் கண்ணுகளா.