நான்காவது தோள்

அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது. தூக்கத்தான் ஆளில்லை. வீடு கொள்ளாமல் கூட்டம் நின்றது. ராத்திரி முழுக்க எங்கள் தேநீரைக் குடித்து, எங்கள் புகையிலையை இழுத்து, அப்பாவுக்காக ஜெபமாலை சொன்னவர்கள். ஆனால் எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி, வாசலிலிருந்து குறுக்குச் சாலைவரை, இறந்தவரின் குடும்பப் பெயர் கொண்ட நாலு ஆண்கள்தான் சுமக்க வேண்டும். அதற்கப்புறம் யாரும் தோள் கொடுக்கலாம். ஹாலினன் என்ற பெயரில் மிச்சமிருந்தது டைக் சித்தப்பாவும் அவருடைய இரண்டு பையன்களும். நாலாவது என் தம்பி கார்மக். பாலத்தருகே ஆங்கிலேயரின் ராணுவ லாரியை மடக்கிச் சுட்ட நாளிலிருந்து அவன் மலையில் ஒளிந்திருக்கிறான்.

குறுக்குச் சாலையில் இன்னொரு லாரி காலையிலேயே வந்து நின்றுவிட்டது. பட்டாளத்துக்காரர்களுக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியும்? கூட வந்த போலீஸ் சார்ஜென்ட் கில்ரிக்குத் தெரியும். அவனும் இந்த மண்ணில் பிறந்து, எங்களைப் போல வெள்ளிக்கிழமை கறி தொடாத கத்தோலிக்கன்தான். வீடு புகுந்து தேட வேண்டாம், காத்திருந்தால் போதும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான். முட்டைக்காரியிடம் "வராதே" என்று கார்மக்குக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். பதில் இல்லை.

பக்கத்து வீட்டு யூஜின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நான் ஒரு மூலையப் பிடிக்கிறேன் டைக். இந்தக் காலத்துல யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"எங்கண்ணனுக்குப் புள்ள இல்லன்னு ஊருக்குச் சொல்லவா?" என்றார் சித்தப்பா. "நாலு ஹாலினன் இல்லாம அவன் இந்தப் படி தாண்ட மாட்டான்."

"அப்ப அந்தப் புள்ளையும் சாவணுமா சித்தப்பா?"

அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்.

"என் பேரும் ஹாலினன்தான்," என்றேன்.

"பொம்பள தூக்குறதா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். கார்மக்கும் உசிரோட இருந்து சிரிக்கட்டும்."

சால்வையை மடித்துத் தோளில் போட்டு, முன்பக்க மூலைக்குக் கீழே போய் நின்றேன். தூக்கினோம். நான் குள்ளம், பெட்டி என் பக்கம் சாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அழுகையை வரவழைத்தது. சேற்றில் கால் வழுக்க, மாதாவே, கார்மக் பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று முனகிக்கொண்டே நடந்தேன்.

பாதி வழியில் பெட்டி நிமிர்ந்தது. என் தோளில் பாரமே இல்லை. பின்னால் ஈரக் கம்பளிக் கோட்டின் நாற்றம்.

"வெலகு குட்டச்சி," என்றான் கார்மக். "அப்பாவ கீழ போட்டுடாத."

"வராதன்னு சொன்னேனேடா, பாவி."

"வரக்கூடாதுன்னுதான் மேல படுத்துக் கெடந்தேன். நீ தூக்குறதப் பாத்துட்டு எப்படி இருக்கச் சொல்ற?"

நான் விலகவில்லை. தூரத்தில் கில்ரி தொப்பியைக் கழற்றினான். பட்டாளத்துக்காரர்கள் லாரியிலிருந்து குதித்தார்கள். அவன் கையை நீட்டி நிறுத்தினான். பிணம் சுமக்கிறவனை அவன் தொடமாட்டான். ஆனால் குறுக்குச் சாலையில் தோள் மாறும்வரைதான் பொறுப்பான்.

எங்கே போனாலும் நாலு எட்டு முன்னால் ஓடுகிற டைக் சித்தப்பா, எனக்குப் பக்கத்தில், ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி ஒட்டி வைக்கத் தொடங்கினார். நாங்களும் அப்படியே வைத்தோம். பின்னால் வந்த ஊர் முழுதும் அப்படியே வைத்தது.