குமுதவல்லி உட்காராத வண்டி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. போன மாதம் நான் ஒரு கார் வாங்கினேன். வாங்கிய வாரமே பிடிக்காமல் போய்விட்டது. கடைக்குப் போய், "திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். டை கட்டிய இளைஞர் சிரித்தார். (அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.) அந்தக் காலத்து வியாபாரியாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பார் என்று தோன்றியது. அதனால் கதையை 1934ஆம் வருஷத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஸ்ரீரங்கத்தின் மேல் காவேரிக் காற்று இதமாக..."

வேண்டாம். காற்றுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: ஸ்ரீரங்கத்து வக்கீல் வேதாந்தம், திருச்சியில் பழைய மோட்டார்கள் விற்கும் ஷேக் தாவூதிடம் ஒரு வண்டி வாங்கினார். இது தேவலை. அவர் மகள் பூமா முசிறியில் புக்ககத்தில் இருக்கிறாள். மூன்றாவது பிரசவம், எந்த நாளும் ஆகலாம். மனைவி குமுதவல்லி அந்த நேரத்தில் மகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் அவளுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. அதற்குத்தான் வண்டி.

வேதாந்தம் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டார், ஹாரனை அமுக்கினார், ராகுகாலம் பார்த்தார். உத்தர வீதியில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. குமுதவல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இது தோலா?"

"சீமைத் தோல். என்ன வழவழப்பு பாரு!"

"சீமை மாடும் மாடுதானே? நான் உட்கார மாட்டேன்."

"மேலே பட்டு விரிக்கறேன்."

"பட்டுக்குக் கீழே மாடு இல்லாம போயிடுமா?"

(வேதாந்தம் கோர்ட்டில் தோல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, அது தோல் என்பதையே மறந்தவர். சாயங்காலம் கிணற்றடியில் தலைமுழுகினால் அவருக்கு எல்லாம் தீர்ந்துவிடும்.)

3

தாவூதை முதலில் எத்தனாகத்தான் எழுதினேன். டை கட்டியவர் மேல் இருந்த கோபம். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். வண்டியைத் திருப்ப வேண்டும் என்று வேதாந்தம் சொல்லி அனுப்பியதும் அவரே உத்தர வீதிக்கு வந்துவிட்டார், எத்தன் வருவானா?

"வாங்கின வண்டியைத் திருப்பலாம் சாமி. எங்க மார்க்கத்துலயே வழி இருக்கு. ஐபு இருந்தா, அதாவது நான் மறைச்ச குறை இருந்தா, கைநீட்டி வாங்கிக்குவேன். தோலை நான் மறைக்கலையே. நீங்களே தடவிப் பாத்துட்டு பேஷ்னு சொன்னீங்க."

"சொன்னேன், ஓய்."

"எஞ்சின்ல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே ஓட்டிட்டுப் போயிடறேன்."

வழி திறந்திருக்கிறது, வேதாந்தம் ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் அவர் பீஸ் வாங்காமல் பொய் சொல்வதில்லை.

"எஞ்சின் நன்னாத்தான் ஓடறது," என்றார், மிகுந்த துக்கத்தோடு.

4

அந்த நிமிஷம் முசிறியிலிருந்து ஓர் ஆள் வந்து, பூமாவுக்கு வலி கண்டுவிட்டது என்று சொன்னான். (இப்படிப்பட்ட ஆளைக் கதை எழுதுகிற நாங்கள் நினைத்த நேரத்தில் அனுப்புவோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) உடனே எழுதினேன்:

"தாய்ப்பாசத்தின் முன் ஆசாரம் தோற்றது. குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தோல் மெத்தையில்..."

உட்காரவில்லை. மறுபடி எழுதினேன். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; உட்காரவில்லை. பெற்ற பெண் அங்கே துடிக்கிறாள், இவளுக்கு மாடுதான் பெரிதா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் வெட்கமாகிவிட்டது. போக வேண்டும் என்ற தவிப்பு என்னைவிட அவளுக்குத்தானே அதிகம்? அவளைத் திருத்தித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று எனக்கென்ன அடம்? எழுதுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்கைச் சிந்திக்கொண்டு அவளே கேட்டாள்: "சாயபு, பின்னாடி இருக்கற இந்த மெத்தை கழலுமா?"

"கழலும்மா."

"கழட்டுங்கோ."

உள்ளே போய்த் தன் பலாமர மணையை எடுத்து வந்தாள். அவள் உட்காரும் மணை, பிறத்தியார் கை படவிட மாட்டாள். வெறும் பலகையாகிவிட்ட வண்டித் தரையில் அதைப் போட்டு, வலிக்கிற காலைத் தாராளமாக நீட்டி உட்கார்ந்தாள்.

தாவூது மெத்தையைத் தூக்கி ஓரமாக வைத்தார். "இதை மட்டும் நான் திருப்பி எடுத்துக்கிறேன் சாமி. ஏறுங்க, நானே ஓட்டறேன்."

5

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ரோடு தன் குணத்தைக் காட்டியது. குழிக்கு ஒரு "ரங்கா!" என்று குமுதவல்லி கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பெருமாளுக்கு அன்று வேறு வேலை ஓடியிருக்காது.

முசிறி. பூமா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உள்ளே குழந்தை வீறிட்டது. பின்னாலேயே, "அம்மா வந்துட்டாளா?" என்று பூமாவின் குரல். சந்தோஷத்தில் எனக்கே வரி கோணிவிட்டது.

தாவூது மெதுவாகக் கேட்டார்: "காரியம் ஆச்சு சாமி. மெத்தையைத் திருப்பியாச்சு, மிச்ச வண்டியையும் எடுத்துக்கட்டுமா? ஐபு இல்லாட்டியும் பரவாயில்லை, மனசுக்குப் பிடிக்காத பொருளை ஒருத்தர் தலையில கட்ட மாட்டேன்."

வேதாந்தம் வாயைத் திறக்கிறார். நான் பேனாவை மூடுகிறேன். பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சொல்வதற்கு முன் வண்டிக்குள் ஒரு தடவை பாருங்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிய குமுதவல்லி, பிறத்தியார் கை படவிடாத தன் மணையை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.