சீசன் முடியும்வரை

ஹட்டன் கடைவீதியில், செல்லசாமி முதலாளியின் பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை. சுலக்ஷனாவும் தனுஷிகாவும் எட்டு மாதமாக அதில் தங்கியிருந்தார்கள். மேட்டிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் இருவருக்கும் மின்னியல் பாடநெறி. கல்லூரிக்கு விடுதி இல்லை. இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் மாறி வந்து போக முடியாதென்றுதான் இந்த அறையைப் பிடித்திருந்தார்கள்.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை, முதலாளியின் மனைவி தனலெட்சுமி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"புள்ளைங்களா, வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. மலைக்கு யாத்திரை சீசன் தொடங்குது. யாத்திரைக்காரங்க ரூம் கேட்டிருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் காலி பண்ணிடுங்க. திங்கக்கிழமை பகலுக்கு மேல வந்துக்கலாம்."

"திங்கக்கிழமை காலையில எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை, ஆன்ட்டி" என்றாள் சுலக்ஷனா.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? இந்த சீசன வச்சுத்தான் எங்க பொழப்பே. மே மாசம் வரைக்கும் வார கடைசியில இப்பிடித்தான். மொதல்லயே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

அவர் குரலில் கோபமில்லை. அதனால் சுலக்ஷனாவுக்கும் கோபப்படத் தோன்றவில்லை. அலுப்புத்தான் வந்தது.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டார்கள். விடுதிக்கு இடம் பார்த்தாயிற்று, கட்டடம்தான் வரவேண்டும் என்றார் எழுதுவினைஞர். எட்டு மாதத்துக்கு முன் சேர வந்தபோதும் அதையேதான் சொன்னார். வகுப்பு முடிந்ததும் மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் அறை. இன்னொரு வீட்டில் சுலக்ஷனா சிங்களத்தில் விசாரித்தாள். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, தன் அறைகளும் யாத்திரைக்காரர்களுக்குப் போய்விட்டதாக வருத்தத்தோடு சொன்னார். கோயில் பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நிறுத்தினார்.

"எந்தத் தோட்டம்?"

சுலக்ஷனா சொன்னாள்.

"தோட்டத்து லய வீட்டுப் புள்ளைங்களுக்கு நாங்க குடுக்கறதில்ல." அவரும் தமிழர்தான்.

பஸ் நிலையத்துக்கு வந்தபோது ஊர்ப்பக்கம் போகும் கடைசி பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. தனுஷிகா ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"கடைக்குப் பின்னால சாமான் அறை இருக்குல்ல, அதைக் கேட்டுப் பாப்போம்" என்றாள் சுலக்ஷனா.

திரும்பிப் போய்க் கேட்டதும் தனலெட்சுமி அந்த அறையைத் திறந்து காட்டினார். "வெங்காய மூட்டையும் கருவாடுமா கெடக்கு. உங்களால முடிஞ்சா இருங்க. ஆனா காலையில குளியலறைப் பக்கம் வந்துறாதீங்க, ஆளுங்க நிப்பாங்க."

மூன்று நாள் அங்கே கழிந்தது. முகம் கழுவ ரயில் நிலையத்துக்குப் போனார்கள். போயாவும் வார இறுதியுமாக நூலகத்துக்குப் பூட்டு. ரயில் மேடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் குறிப்புப் புத்தகம் எடுக்கத் திரும்பியபோது, மாத்தறையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண் மாடிப்படியில் சுலக்ஷனாவைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் இருபது வயதிருக்கும்.

"இங்கேயா படிக்கிறீங்க? குளிரா, அமைதியா, படிக்க எவ்வளவு நல்ல ஊர்!" என்றாள் சிங்களத்தில்.

"ஓவ்" என்று ஆமோதித்துவிட்டு சுலக்ஷனா வழிவிட்டு நின்றாள்.

திங்கட்கிழமை பரீட்சையில் சுலக்ஷனா இணைத்த பலகையில் மின்குமிழ் எரிந்தது. பக்கத்து மேசையில் தனுஷிகா இரண்டு கம்பிகளை மாற்றிப் பொருத்தியிருந்தாள். பரீட்சகர் பலகையைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை எழுதும்படி சொன்னார். அடுத்த தடவைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

"தெரிஞ்ச வேலைதான்டி. மூணு நாளாத் தூக்கமில்ல" என்றாள் தனுஷிகா, வெளியே வந்ததும். கொஞ்ச தூரம் நடந்தபின், "நான் போறேன். நுவரெலியாவுல உடுப்புக் கடையில ஆள் கேட்டாங்க" என்றாள்.

இருந்து படி என்ற சொல் வாய்வரை வந்தது. இன்னும் ஐந்து மாதம் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் படுக்கச் சொல்வதா என்று சுலக்ஷனா தயங்கினாள். தயங்கித் தயங்கியே பஸ் நிலையம் வந்துவிட்டது. மறுநாள் தனுஷிகா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் சொல்வதற்கு முன்பே சுலக்ஷனா பாயையும் புத்தகங்களையும் கீழே இறக்கினாள். சாமான் அறையில் மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஓர் ஆள் படுக்குமளவுக்குத் தனலெட்சுமி இடம் பண்ணி வைத்திருந்தார்.

"ஒத்தையா இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன், ஆன்ட்டி."

பாயை விரித்து உட்கார்ந்தாள். தெருவில் யாத்திரைக்காரர்களின் முதல் பஸ் வந்து நின்றது. அறை கேட்டு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுலக்ஷனா கதவைச் சாத்திவிட்டு, திங்கட்கிழமைப் பாடத்தைப் புரட்டினாள்.